முறிந்த விளக்கு குறித்து ஆறு குறிப்புகள்

தங்கா பத்து, மலாக்கா
5 ஜனவரி 2025

மதிப்புக்குரிய சம்பந்தி தம்புசாமி அவர்களுக்கு,

வணக்கம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை ஹரிதாசும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் இந்திராதேவியும் நலம். மகள் மோகனா உடம்பு தேறி, கிளினிக் வேலைக்கு மறுபடியும் போய் வருகிறாள்.

தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். தீபாவளியன்று உங்களை அழைத்தது வாழ்த்துச் சொல்ல மட்டும் அல்ல. ஆனால் உங்கள் குரல் சற்று உயர்ந்ததும் நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. பள்ளியில் இத்தனை ஆண்டு இரசாயனம் கற்பித்தவன்தான். என்றாலும் கரும்பலகை முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். தாளில் என்றால் தவறியதை அடித்து எழுதலாம். இதையும் இரண்டு முறை அடித்து எழுதிவிட்டேன்.

சொல்ல வருவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பொருள் என்றால் என்ன.
2. அணுவும் தனிமமும்.
3. தனிமங்களின் அட்டவணை, அதில் செம்பும் துத்தநாகமும் இருக்கும் இடம்.
4. பித்தளை ஒரு கலவை. அமோனியா ஒரு சேர்மம்.
5. உங்கள் வீட்டுக் குத்துவிளக்கு முறிந்ததற்குக் காரணம் அமோனியா.
6. ஆகவே மோகனா உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரத் தடை எதுவும் இல்லை.

ஐந்தாவதையும் ஆறாவதையும் மட்டும் எழுதினால் போதாதா என்று இந்திராதேவி கேட்டாள். அடித்தளம் இல்லாமல் மேலே கட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். பழக்க தோஷமாகவும் இருக்கலாம்.

நடந்ததை நான் அறிந்தபடி எழுதுகிறேன். போன தை மாதம், கல்யாணம் முடிந்து மோகனா உங்கள் வீட்டுக்குள் வலது காலை வைத்த நாளில், சாமியறையில் குத்துவிளக்கை ஏற்றச் சொன்னார்கள். எண்ணெய் ஊற்றி, மூன்றாவது திரியை ஏற்றும்போது விளக்கின் தண்டு கழுத்தில் முறிந்து, மேல்தட்டு எண்ணெயோடு சாய்ந்து விழுந்தது. அவள் தள்ளவில்லை, தட்டவில்லை. அன்று ஒருவரும் சத்தமாக எதுவும் சொல்லவில்லை. ஜூலையில் அவள் வயிற்றில் இருந்தது தங்காமல் போனபோது, விளக்கைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஓய்வுக்காக இங்கே வந்தவளை அழைத்துப்போக இன்றுவரை யாரும் வரவில்லை. இதில் எங்காவது பிழை இருந்தால் திருத்துங்கள்.

இனி குறிப்புகள்.

முதலாவது. இடத்தை அடைத்துக்கொண்டு, எடையோடு இருக்கிற எதுவும் பொருள். கல், எண்ணெய், காற்று, மூன்றும் பொருள்தான். காற்று கண்ணுக்குத் தெரியாததால் அதை ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறோம். மோட்டார் சைக்கிள் டயரில் அடைத்துப் பாருங்கள். இரண்டு பேரைச் சுமக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒன்றை மாற்றிவிட முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டாவது. ஒரு செம்புக் கம்பியை வெட்டிக்கொண்டே போனால், செம்பாகவே இருக்கிற மிகச் சிறிய துணுக்கு ஒன்றில் போய் நிற்போம். அதுதான் அணு. ஒரே வகை அணுக்களால் மட்டும் ஆனது தனிமம். செம்பு, துத்தநாகம், தங்கம், நைட்ரஜன் எல்லாம் தனிமங்கள்.

மூன்றாவது. தனிமங்கள் நூற்றுப் பதினெட்டு. அவற்றை ஓர் அட்டவணையில் கட்டம் கட்டமாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நம்பர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். அணுவின் நடுவில் புரோட்டான் என்று ஒன்று உண்டு. எத்தனை புரோட்டானோ, அதுதான் வீட்டு நம்பர். ஹைட்ரஜன் ஒன்று, நைட்ரஜன் ஏழு, செம்பு இருபத்தொன்பது, துத்தநாகம் முப்பது. செம்பும் துத்தநாகமும் அடுத்தடுத்த வீடு. மேலிருந்து கீழாக ஒரே நிரலில் இருப்பவை குணத்தில் ஒத்துப்போகும். செம்புக்குக் கீழே வெள்ளி, வெள்ளிக்குக் கீழே தங்கம். மூன்றையுமே மனிதர்கள் காசாகவும் நகையாகவும் ஆக்கியது தற்செயல் இல்லை.

நான்காவது. செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கிக் கலந்தால் பித்தளை. இது கலவை. கோப்பியில் சீனியைக் கூட்டியும் குறைத்தும் போடுவதுபோல, துத்தநாகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பித்தளைதான். சேர்மம் அப்படியல்ல. அமோனியாவில் ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதனால் நமக்குக் கெடுதல் இல்லை, அதற்கு வாசனையும் இல்லை. அதே நைட்ரஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து அமோனியா ஆனதும் கண்ணைக் கரிக்கிறது.

ஐந்தாவது. அமோனியாக் காற்றும் ஈரமும் படும் இடத்தில் பித்தளை நெடுநாள் இருந்தால் அதில் விரிசல் விடும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். உள்ளே மயிரிழையாகப் பிளந்துகொண்டு போகும். அந்தக் காலத்தில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டுப் பிளந்தன என்று படித்திருக்கிறேன். மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம். மோகனாவை அழைத்துவர உங்கள் வீட்டுக்கு வந்த அன்று, முறிந்த விளக்கைச் சாமியறை ஓரத்தில் பார்த்தேன். புளி போட்டு விளக்கிய வெளிப்புறம் மின்னியது. முறிந்த வாயில் மட்டும் நீலம் பூத்திருந்தது. செம்பை அமோனியா தொட்டால் அந்த நிறம் வரும். பின்புறம் உங்கள் பால் ஸ்டோர். நான்கு ஏக்கர் ரப்பர் மரத்துப் பால் உறையாமல் இருக்க அமோனியா வைத்திருப்பீர்கள் என்று ஊகித்தேன். விளக்கு அந்த ஸ்டோரில் எப்போதாவது இருந்ததா? இருந்திருந்தால் என் ஐந்தாவது குறிப்பு நிற்கும். இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்; நான் வருத்தப்பட மாட்டேன்.

ஆறாவதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். எழுத்தில் மரியாதைக் குறைவு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புள்ள,
மு. கணேஸ்வரன்


ஜாசின்
11 ஜனவரி 2025

வாத்தியார் சம்பந்திக்கு,

தம்புசாமி எழுதுவது. கடிதம் கிடைத்தது. எனக்குக் கடிதம் வந்தே பல வருடம் ஆயிற்று. தபால்காரர் கரண்டு பில் இல்லை என்று தெரிந்ததும் என் முகத்தையே பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாக்கியலட்சுமிக்குச் சத்தமாகப் படித்தேன். கோப்பி, சீனி வரைக்கும் வாய் திறக்காமல் கேட்டாள். அப்புறம், "ஒடஞ்ச வெளக்குக்குப் பாடம் நடத்துறாரா வாத்தியாரு? ஒடஞ்சது ஒடஞ்சதுதான்லா. நம்பர் போட்டா ஒட்டிக்குமா?" என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் பேச்சு அப்படி. நானே நாற்பது வருடமாக அதில் குடியிருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஸ்டோரில்தான் இருந்தது.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அது என் அம்மா முனியம்மா கல்யாணத்தில் கொண்டுவந்த விளக்கு. அம்மா 2022 நவம்பரில் இந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பாக்கியலட்சுமி ஓடிப்போய்ச் சாமியறையில் இருந்த விளக்கைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனாள். தீட்டு விளக்கில் படக்கூடாது. வீட்டோடு ஒட்டாத கூரை எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான், பால் ஸ்டோர். மேல் தட்டில் வைத்தாள். கீழே அமோனியா நிறைத்து வைக்கும் தோம்பு. அதன் மூடி என்றைக்கும் சரியாக மூடியதில்லை. வருடத் திவசம் முடியும்வரை சாமியறைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றாள். அப்புறம் மருமகள் கையால் ஏற்றும்போது வரட்டும் என்று விட்டுவிட்டோம். கல்யாணத்துக்கு முதல் நாள் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். இரண்டு தடவை தேய்த்தும் ஒரு மூத்திர வாடை போகவில்லை என்று முணுமுணுத்தது இப்போது எனக்கு ஞாபகம் வருகிறது.

இதைச் சொன்னால் அவள் ஒத்துக்கொள்வாளா? மாமியார் விளக்கு, மாமியாரே இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். "சாமி வெளக்க நான் மூத்தரத்துக்கிட்டயா வச்சேன்?" என்று எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொன்று கேட்டாள். அதையும் எழுதிவிடுகிறேன். "புள்ள தங்கலையே, அதுக்கும் வாத்தியாரு அட்டவணையில ஒரு வீடு இருக்கா?"

பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் என் தலையாட்டலை வைத்து என்ன செய்வீர்கள்? அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறதா?

பொங்கல் வாழ்த்துகள். வீட்டில் அனைவருக்கும் சொல்லவும்.

இப்படிக்கு,
பெ. தம்புசாமி


தங்கா பத்து
15 ஜனவரி 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. சம்பந்தியம்மா செய்ததில் எந்தத் தவறும் இல்லை. அந்த நேரத்தில் விளக்கைக் காப்பாற்ற எண்ணி ஓடியிருக்கிறார். அங்கே இருந்திருந்தால் நானும் அந்தத் தட்டில்தான் வைத்திருப்பேன். தோம்பைப் பார்த்திருக்கவும் மாட்டேன்.

அவர் கேட்ட கேள்விக்கு: என் அட்டவணையில் அதற்கு வீடு இல்லை. மருத்துவர் எங்களிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். ஆரம்ப மாதங்களில் இது பலருக்கு நடக்கிறது. யாருடைய கைராசியாலும் அல்ல, யாரும் செய்த வேலையாலும் அல்ல. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத எனக்கு வராது.

கண்ணால் பார்க்க வழி உண்டு. நடக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு; முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஹார்ட்வேர் கடையில் மெல்லிய பித்தளைத் தகடு வாங்குங்கள். சுண்டு விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் வளையல் பாதிபோல் நன்றாக வளைத்து, இரண்டு நுனியும் விலகாதபடி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள் இரண்டு. ஒன்றின் அடியில் கொஞ்சம் அமோனியா, மற்றொன்றின் அடியில் வெறும் தண்ணீர். துண்டு திரவத்தைத் தொடக்கூடாது; மூடியிலிருந்து தொங்க வேண்டும். இரண்டையும் வீட்டுக்கு வெளியே, ஒரே நிழலில் வையுங்கள். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் புட்டி எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லையென்றால், "பித்தளையே மட்டம்லா, அதான் ஒடஞ்சது" என்று சம்பந்தியம்மா சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர் சொல்வது நியாயம்.

மோகனாவுக்கு நான் உங்களுக்கு எழுதுவது தெரியும். என்ன எழுதுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. மேசையில் கிடந்த தோட்டாக் கதையை மட்டும் படித்துவிட்டு, "மாமாவுக்குப் புரியுமாப்பா?" என்றாள். உங்களுக்கு எனக்கு முன்பே புரிந்துவிடும் என்று சொன்னேன்.

அன்புடன்,
கணேஸ்வரன்


ஜாசின்
2 பிப்ரவரி 2025

வாத்தியார் சம்பந்திக்கு வணக்கம்.

முதலில் சேதி, பிறகு கதை. உடைந்தது.

இனி கதை. நீங்கள் இரண்டு புட்டி சொன்னீர்கள். நான் மூன்று வைத்தேன். மூன்றாவதில் வளைக்காமல், கட்டாமல், தகட்டை வெட்டியபடியே அமோனியாவுக்கு மேலே தொங்கவிட்டேன். தகடு மிச்சம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். மூன்றையும் கோழிக்கூண்டின் மேல் வரிசையாக வைத்தேன். பால் எடுக்க வரும் ஏஜெண்ட் பையன், "என்ன அங்கிள், ஊறுகாயா?" என்று கேட்டான். "ஆமா, வாத்தியார் ஊறுகாய்" என்றேன்.

பாக்கியலட்சுமி முதலில் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு தினமும் கோழிக்குத் தீனி போடும் சாக்கில் போய் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள், "மொதப் புட்டியில நீலமா வேர்க்குதுங்க" என்று அவளே வந்து சொன்னாள். எனக்கு அப்போதே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

போன புதன்கிழமை காலையில் நான் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கோழிக்கூண்டுப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள். முதல் புட்டியைத் திறந்திருக்கிறாள். கயிற்றைப் பிடித்துத் துண்டை வெளியே எடுத்து, விரலால் இலேசாகத் தொட்டிருக்கிறாள். அவள் கையிலேயே இரண்டாகப் போய்விட்டது. இரண்டு பாதியும் உள்ளங்கையில். நான் பக்கத்தில் போனதும் என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"நான் சும்மாத்தான் தொட்டேன். ஒண்ணும் பண்ணல. என் கையில ஒடஞ்சிருச்சு. அப்ப நானும் ராசி இல்லாதவளா?"

திறந்து கிடந்த புட்டியை எடுத்து மூடினேன். அவளே மறுபடியும் சொன்னாள்:

"அந்தப் புள்ளையும் இதைத்தான் சொன்னிச்சு. சும்மாத்தான் தொட்டேன் அத்தைன்னு."

அன்று சமையல் இல்லை. வெளியே போய் ரொட்டிச்சானாய் வாங்கி வந்து சாப்பிட்டோம். சாயங்காலம் அவளே மோகனாவுக்குப் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. பின்கட்டில் நின்று பேசினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

வருகிற வெள்ளி ஏழாம் தேதி நல்ல நாள். ஹரிதாஸ் ஆயர் குரோவில் வேலை செய்யும் பேக்டரியில் லீவு போட்டுவிட்டு வந்து மருமகளை அழைத்துக்கொள்வான். நாங்களும் வருவோம் என்றேன். பாக்கியலட்சுமிதான் வேண்டாம் என்றாள். "அவங்க ரெண்டு பேரும் பேசட்டும், நம்ம கூட்டமாப் போயி நின்னா அந்தப் புள்ளைக்கு வாய் வராது." சரியாகத்தான் சொல்கிறாள். புது விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அமோனியாத் தோம்பை மாமரத்தடிக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு சந்தேகம். தண்ணீர்ப் புட்டித் துண்டு முழுசாக இருக்கிறது, அது புரிகிறது. மூன்றாவது புட்டியும் அதே அமோனியாதான், அதே தகடுதான். வளைக்காத அந்தத் துண்டு கறுத்துப் போனதே தவிர உடையவில்லை. நான் கையால் முறுக்கியும் பார்த்தேன். அது மட்டும் ஏன் தப்பித்தது?

அன்புள்ள,
தம்புசாமி


ஜாசின்
9 பிப்ரவரி 2025

சம்பந்திக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் போன பையன் இரவுதான் தனியாகத் திரும்பி வந்தான். கேட்டால் "அவ வரல" என்கிறான். "ஏன்டா?" என்றால் அறைக்குள் போய்விடுகிறான். வாங்கி வைத்த விளக்கைப் பாக்கியலட்சுமி இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. நான் போன் செய்தேன், சம்பந்தியம்மா எடுத்தார். நீங்கள் எழுதுவீர்கள் என்றார்.

நாங்கள் எதில் குறை வைத்தோம்? நீங்கள் எழுதியதை எல்லாம் செய்தோமே. என்ன நடந்தது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

தம்புசாமி


தங்கா பத்து
12 பிப்ரவரி 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்களைத் தவிக்கவிட்டதற்கு மன்னியுங்கள். இந்திராதேவியிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் நின்றேன். எழுதுவேன் என்று சொல்லச் சொன்னது நான்தான். நேற்றுத் தைப்பூசம். கோயிலுக்குப் போய்வந்து உட்கார்ந்தேன், இன்றுதான் முடித்தேன்.

நீங்கள் எதிலும் குறை வைக்கவில்லை. சம்பந்தியம்மா தொலைபேசியில் பேசியதை மோகனா எங்களிடம் சொன்னாள். "அத்தை அழுதாங்கப்பா. எனக்கு அத்தை மேல இப்ப கோவம் இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நானும் நம்பினேன். இந்திராதேவி கேசரி கிண்டினாள்.

மாப்பிள்ளை பத்து மணிவாக்கில் வந்தார். பழத்தட்டை மேசையில் வைத்தார். மோகனா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் இந்திராதேவியும் எழுந்து போகலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இருங்கப்பா" என்று மோகனா சொன்னதால் உட்கார்ந்தோம். அவர்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"கெளம்பலாமா?" என்றார் அவர்.

"ஒண்ணு கேக்கறேன். அந்தத் தகடு ஒடையாம இருந்திருந்தா இன்னிக்கு வந்திருப்பீங்களா?"

"அதான் ஒடஞ்சிருச்சே."

"ஒடையலன்னா?"

அவர் கோப்பையைப் பார்த்தார். "அம்மாதான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அத்தை ஏன் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க ஏன் வந்தீங்கன்னு கேக்கறேன்."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. நல்ல பையன், எனக்கு அவர்மேல் இப்போதும் வருத்தம் இல்லை. பேச வேண்டிய இடத்தில் வாக்கியம் மறந்துபோகும் நிலை எனக்குத் தெரிந்த நிலைதான். மோகனா நிறைய நேரம் காத்திருந்தாள். பிறகு, "ஹாஸ்பிட்டல்ல அத்தை வெளக்கப் பத்திப் பேசினப்பவும் நீங்க இப்படித்தான் இருந்தீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, எங்களிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டார்.

இனி உங்கள் மூன்றாவது புட்டி. என் பரிசோதனையில் இல்லாத புட்டியை நீங்கள் வைத்தீர்கள். அதுதான் சரியான கேள்வியைக் கேட்டது. அமோனியா மட்டும் பித்தளையைப் பிளக்காது. உலோகத்துக்குள் முன்பே ஓர் இழுப்பு இருக்க வேண்டும். வளைத்துக் கட்டிய துண்டு நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பில்தான் அமோனியா வழி கண்டுபிடிக்கிறது. வளைக்காத துண்டுக்குள் இழுப்பு இல்லை. அது கறுத்ததோடு தப்பித்தது. விளக்கின் தண்டு இழுத்து நீட்டிச் செய்த குழாய். செய்த நாளிலிருந்தே அந்த இழுப்பு அதற்குள் இருந்திருக்கும். உங்கள் தாயார் காலம் முழுவதும் அது வெளியே தெரியாமலே எரிந்திருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது மோகனா தண்ணீர் குடிக்க வந்தாள். மூன்றாவது புட்டியைப் பற்றி அவளிடமும் சொன்னேன். நின்று கேட்டாள். பிறகு, "அப்பா, நீங்க என்னைக் கேக்கவே இல்லையே" என்றாள்.

"என்னம்மா கேக்கல?"

"நான் அங்க திரும்பிப் போக நெனக்கிறேனான்னு. மாமாகிட்ட கேட்டீங்க. அத்தைக்கு நிரூபிச்சுக் காட்டினீங்க. எங்கிட்ட கேக்கல."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எதுவும் காதில் விழுந்திருக்காது. அதனால் நன்றாகவே விழுந்தது.

இப்போது கேட்டேன். போக நினைக்கவில்லை என்றாள். கிளினிக்கில் நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள், இருக்கப் போகிறேன் என்றாள். மாப்பிள்ளைக்கு எப்போதாவது தானாகச் சொல்ல ஏதாவது இருந்தால், யாரும் அனுப்பாமல் வந்து சொல்லட்டும், வீட்டின் கதவு தெரியும்தானே என்றாள். அப்படி வந்தாலும் பதில் என்னவாக இருக்கும் என்று அவள் சொல்லவில்லை, நானும் ஊகிக்கப்போவதில்லை. சம்பந்தியம்மாவுக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். உங்களுக்கு: "மாமா மூணாவது புட்டி வச்சது நல்லது" என்று எழுதச் சொன்னாள்.

புது விளக்கைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள். அதை அவரே ஏற்றலாம்.

நமக்குள் சம்பந்தி என்ற முறை நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கப் பழகிவிட்டேன் என்பது தெரியும். எழுதலாம் என்று தோன்றினால் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு திருத்தம். ஜனவரியில் அனுப்பிய கடிதத்தை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆறு குறிப்புகள் இருக்கும். முதல் ஐந்தையும் அனுப்புவதற்கு முன் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். ஐந்தாவதில் இழுப்பைப் பற்றி எழுத விட்டுப்போனது. மற்றபடி அவை நிற்கும். ஆறாவதைச் சரிபார்க்கவில்லை. அதற்கு விளக்கம் தேவையில்லை என்றும் எழுதியிருந்தேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது தெரிந்த ஒரே ஆள் அப்போது அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது குறிப்பு தவறு. அதை அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
மு. கணேஸ்வரன்